கண்ணை மூடச் சொல்லாத புத்தர்

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. கள ஆய்வுக்குப் போயிருந்த அன்று கேன்டீனில் மன அழுத்தத்தைக் குறைக்கும் வகுப்பு நடந்தது. திரையில் புத்தர் படம், கீழே 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று எழுதியிருந்தது. இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சோடு கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். கோபம் வந்தால் அதைக் கவனியுங்கள், கடந்து போய்விடும் என்றார் பயிற்சியாளர். எனக்குப் பக்கத்திலிருந்த அக்கா தூங்கியேவிட்டார்.

மில் வேனுக்குக் காத்திருந்தபோது அவர் சொன்னார்: "கோவத்தைக் கவனிக்கச் சொல்றாங்க கண்ணு. பாத்ரூம் போனா சூப்பர்வைசர் நேரம் எழுதறானே, அதை ஆரு கவனிக்கறது?"

அந்த ஆலையில் வேலைக்குச் சேரும் பெண்ணிடம் முதலில் ஊர்ப் பெயரைக் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "ஊருக்குள்ளயா, காலனியா?" கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு யார் போவது என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே முடிவாகிவிடுகிறது. எந்த மூச்சுப் பயிற்சியாலும் இது கடந்து போகாது.

நான் ஆய்வு செய்வது நிர்வாகவியலில். அங்கே புத்தர் வரும்போதெல்லாம் தனியாளின் மனதை அடக்கும் கருவியாகத்தான் வருகிறார். அவர் ஓர் அமைப்பைக் கட்டி 45 ஆண்டுகள் நடத்தியவர், அதற்கு விநயம் என்ற சட்டத்தொகுப்பு உண்டு என்பதைப் பாடம் சொல்வதில்லை. அந்தச் சங்கத்தில் மூப்பு என்பது பிறப்பால் வருவதல்ல, துறவேற்ற நாளால் வருவது. சாக்கிய இளவரசர்கள் சேர வந்தபோது, எங்கள் செருக்கு அடங்க நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள் என்று அவர்களே கேட்டதாக விநயம் சொல்கிறது. அதன் பிறகு அவர்கள் அவரை வணங்கியாக வேண்டும்.

இன்னொன்று பவாரணை. மூன்று மாத மழைக்கால வாசம் முடியும் நாளில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடம் கண்ட, கேட்ட, சந்தேகித்த தவறைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். முதலில் கேட்பவர் மூத்தவர். நம் ஆலைகளில் ஜி.எம். இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இதையும் மறைக்கக் கூடாது: பிக்குணிகள் பிக்குகளைக் கண்டித்துப் பேசக் கூடாது என்ற விதியும் அதே விநயத்தில்தான் இருக்கிறது. ஆலையில் முக்கால்வாசிப் பேர் பெண்களாக இருக்கும்போது அந்த விதியை நாம் தூக்கி எறியத்தான் வேண்டும்.

பாபாசாகேப் பவுத்தத்தில் கண்டதும் வெறும் மன அமைதியை அல்ல. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, தீர்மானம், கோரம், வாக்கெடுப்பு, கண்டனத் தீர்மானம் ஆகியவற்றுக்கெல்லாம் பிக்கு சங்கங்களில் விதிகள் இருந்ததை எடுத்துச் சொன்னார். முதலாளிக்கும் புத்தர் கடமை வகுத்திருக்கிறார். சக்திக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டத்தில் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு என்று சிகாலோவாத சுத்தம் ஐந்தைச் சொல்கிறது. பயிற்சியாளரின் திரையில் இந்த ஐந்தும் வரவில்லை.

பவாரணைக்கு நெருக்கமான ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் ஆலைத் தளத்திலேயே கண்காணித்துப் புகார் சொல்லத் தொழிலாளர்களுக்கே பயிற்சி தரப்பட்டது. புகார் சொன்னவரைப் பழிவாங்கவும் தடை விதிக்கப்பட்டது. இதை எழுதி வாங்கியவர்களில் யாரும் தியான வகுப்பு கேட்கவில்லை.

வகுப்பு எப்படி இருந்தது என்று அன்று மனிதவள அதிகாரி என்னிடம் கேட்டார். அடுத்த மாதம் தொழிலாளர்கள் கண்ணைத் திறந்தபடி உட்காரட்டும், சூப்பர்வைசர்கள் எதிரே உட்கார்ந்து பவாரணை கேட்கட்டும் என்றேன். சிரித்தார். "புரொடக்‌ஷன் என்னாகறதுங்க?" என்றார்.