பூட்டு போடுவது திருடன்! சாவிக்குக் காசு கொடுக்கலாமா?

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் வழக்கம்போல் காலைக் கூட்டம். சீட்டுப் பதிகிற கம்ப்யூட்டர்கள் திடீரென்று படுத்துவிட்டன!

நோயாளியின் பழைய விவரம் திறக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. ஊழியர்கள் பேனாவையும் காகிதத்தையும் எடுத்தார்கள். பதிவு, அட்மிஷன், லேப் ரிப்போர்ட் எல்லாம் கையெழுத்தில்! ஏறத்தாழ இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவலை யாரோ பூட்டிவிட்டார்கள் என்று மத்திய அரசே பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது.

கோட்டையும் தப்பவில்லை. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களில் இதே கைவரிசை. அவிழ்த்துவிட 1,950 டாலர் கேட்டார்கள் என்று செய்தி வந்தது.

அங்கேயே இந்தக் கதி என்றால், பாரிமுனையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பில் போடுகிற கடைக்காரர் எம்மாத்திரம்?

இதற்குப் பெயர் ரான்சம்வேர். ஆளைக் கடத்திப் பணம் கேட்பதுபோல், கணக்கைக் கடத்திப் பணம் கேட்கிற வேலை.

அமுக்குப் பூட்டு!

திருடன் பெரும்பாலும் இமெயிலில்தான் வருகிறான். "பாக்கி பில் அனுப்பியிருக்கிறோம், பார்க்கவும்" என்று இருக்கும். குமாஸ்தா திறக்கிறார். ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். அங்கேதான் ஆரம்பம்!

சில இடங்களில் மெயிலே தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்க ஒரு வசதி உண்டு. அதற்குப் பாஸ்வேர்டு 12345 என்று இருந்தால், வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற கதைதான்.

உள்ளே வந்தவன் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான். சாமான் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பூட்டு! பில், சம்பளப் பட்டியல், பேத்தியின் பிறந்தநாள் போட்டோ, எதையும் விடமாட்டான்.

திண்டுக்கல் பூட்டில் அமுக்கினால் பூட்டிக்கொள்கிற ரகம் உண்டு அல்லவா? பூட்டச் சாவி வேண்டாம். திறக்கத்தான் வேண்டும். இவன் தந்திரமும் அதுதான். ஃபைல்களைப் பூட்டிய சின்னச் சாவிகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிக்கு இந்த அமுக்குப் பூட்டை மாட்டிவிடுகிறான். அதைத் திறக்கிற சாவி கடைக் கம்ப்யூட்டருக்குள் வரவே வராது. அது அவன் மடியில்!

திண்டுக்கல் பூட்டையாவது கடப்பாரையால் நெம்பலாம். இது கணக்கால் போட்ட பூட்டு. ஒழுங்காகப் போட்டிருந்தால், உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் கூடி உட்கார்ந்தாலும் ஆயுசு போதாது.

பூட்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலையும் செய்கிறான். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கிற பழைய பிரதிகளை அழித்துவிடுகிறான். பென்டிரைவ் செருகியிருக்கிறதா, பக்கத்து கம்ப்யூட்டருக்கு வழி இருக்கிறதா என்று தேடி, அங்கேயும் பூட்டு. இப்போதெல்லாம் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, "பணம் தராவிட்டால் ஊருக்கெல்லாம் காட்டிவிடுவேன்" என்ற மிரட்டல் வேறு. கடைசியில் திரையில் ஒரு சீட்டு. இத்தனை நாளுக்குள் பிட்காயினில் பணம் கட்டு!

தொழில் ஒன்றும் புதிதல்ல. 1989-லேயே ஜோசப் பாப் என்ற அமெரிக்கர் சுமார் 20,000 பிளாப்பி தட்டுகளைத் தபாலில் அனுப்பி இதே வேலையைக் காட்டினார். பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார். அன்றைய பூட்டு மட்டமான பூட்டு. சாவியைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

காசு கொடுத்தால் கதவு திறக்குமா?

"தொலையட்டும், கேட்டதைக் கொடுத்துட்டு வியாபாரத்தைப் பார்ப்போம்" என்றுதான் பல முதலாளிகளுக்குத் தோன்றும். அவசரப்படக் கூடாது.

2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற பெட்ரோல் குழாய் கம்பெனி மாட்டிக்கொண்டது. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொட்டிக் கொடுத்தது. சாவி வந்தது. ஆனால் அந்தச் சாவி ஆமை வேகம்! கடைசியில் கம்பெனி தன்னுடைய சொந்தப் பிரதிகளை எடுத்துத்தான் வேலையை ஓட்டியது. போன பிட்காயினில் பெரும்பகுதியை அமெரிக்கப் போலீஸ் மீட்டது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா?

2017 ஜூன் 27-ந்தேதி கிளம்பிய நாட்பெட்யா இன்னும் மோசம். பணம் கேட்டது, ஆனால் சாவி என்று ஒன்றே கிடையாது! கொடுத்தவர்கள் காசு அம்போ.

அதில் சிக்கியது டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி. அதைச் சேர்ந்த ஒரு முனையம் மும்பை ஜவகர்லால் நேரு துறைமுகத்திலும் முடங்கியது. உலகம் முழுவதும் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் செத்துக் கிடந்தன. எந்தக் கம்ப்யூட்டர் யாருடையது, யாருக்கு எதில் அனுமதி என்று சொல்கிற தலைமைக் கம்ப்யூட்டர்களும் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டன. ஒன்றே ஒன்று பிழைத்தது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீசில்! அங்கே அந்த நேரம் கரண்ட் கட்!

ஆம், மின்வெட்டு காப்பாற்றியது. அந்த டிஸ்க்கைப் பொக்கிஷம்போல் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 45,000 கம்ப்யூட்டர்களுக்கும் 4,000 சர்வர்களுக்கும் 10 நாளில் மறுபடி உயிர் கொடுத்ததாகக் கம்பெனித் தலைவர் சொன்னார்.

டெல்லி எய்ம்ஸ் கதையும் அப்படித்தான். நோய் தொற்றாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரில் இருந்துதான் இ-ஹாஸ்பிடல் தகவல்களை மீட்டு, புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

ஆகவே, விஷயம் பிரதியில் இருக்கிறது. அதுவும் கழற்றி வைத்த பிரதி! எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே தொங்குகிற டிஸ்க் பிரதி ஆகாது. பீரோ சாவியைப் பீரோவிலேயே மாட்டி வைத்த கணக்கு. இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்று மாற்றி ஒன்று பிரதி எடுத்து, வேலை முடிந்ததும் பிடுங்கி, ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகிற கடைக்காரர்தான் கெட்டிக்காரர். பிரதி திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். ஏ.சி.க்குச் செலவழிக்கிற முதலாளிகள் இதற்கு மட்டும் மூக்கால் அழுகிறார்கள்!

குமாஸ்தாவைத் திட்டலாமா?

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? முதலில் வயரைப் பிடுங்க வேண்டும், வைஃபையை அணைக்க வேண்டும். பதற்றத்தில் பிரதி டிஸ்க்கைச் செருகவே கூடாது, அதையும் பூட்டிவிடுவான். திரையில் உள்ள சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பூட்டிய ஃபைல்களை அழிக்கக் கூடாது. ஏனென்றால் சாவி பிறகு வெளியே வந்த கதைகள் உண்டு. 2016 மே மாதம் டெஸ்லாகிரிப்ட் கும்பல் "வருந்துகிறோம்" என்று எழுதிவைத்து, பொதுச் சாவியையே வெளியிட்டுக் கடையை மூடியது! அதே ஆண்டு டச்சுப் போலீசும் யூரோபோலும் தனியார் கம்பெனிகளும் சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்று ஆரம்பித்தார்கள். சில ரகப் பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகச் சாவி கிடைக்கிறது.

பிறகு கம்ப்யூட்டரை முழுவதும் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அவன் வந்த ஓட்டையை அடைத்து, பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டுத்தான் பிரதியை ஏற்ற வேண்டும். ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் மறுவாரமே திரும்ப வருவான். 2017 மே 12-ல் வான்னகிரை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் புகுந்து, இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வைத்தது. அந்த ஓட்டையை அடைக்கிற மருந்தை மைக்ரோசாப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்தாகிவிட்டது! போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள்.

மெயிலைத் திறந்த குமாஸ்தாவை என்ன செய்வது? பல ஆபீசில் முதல் வேலை அவர் சீட்டைக் கிழிப்பதுதான். அது தப்பு. வேலை போய்விடும் என்று பயந்தால் அவர் வாயைத் திறக்கமாட்டார். "சார், ஏதோ தப்பா கிளிக் பண்ணிட்டேன்" என்று உடனே சொன்னால் ஒரு கம்ப்யூட்டரோடு போகும். பயந்து மறைத்தால், சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பூட்டு.

முதலாளிகளும் வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மூடி மறைக்கிறார்கள். அதுவும் ஆகாது. இப்படித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கும்போது அந்தச் சீட்டின் படத்தையும், பூட்டிய ஃபைல் இரண்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால், எந்த ரகப் பூட்டு என்று கண்டுபிடிக்க வசதி.