குயவனும் கரையான் புற்றும்

‘கடவுள் இல்லைன்னா தர்க்கம் எங்கிருந்து வந்துச்சு?’ என்று கூட்டங்களில் மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். உலகத்துக்கு ஒழுங்கு போட்டவன் ஒருத்தன் இருந்தால்தான் இரண்டும் இரண்டும் என்றைக்கும் நாலாக இருக்கும் என்கிறார்கள் மதவாதிகள். நம்ம பகுத்தறிவுத் தோழர்களோ ‘கடவுள் இல்லை’ன்னு ஒரே வரியில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சேரியில் நின்று பார்க்கிற எனக்கு இரண்டு பதிலும் போதவில்லை.

முதலில் மதவாதியைப் பார்ப்போம். தர்க்க விதிகளைக் கடவுள் தன் இஷ்டத்துக்குப் போட்டார் என்றால், நாளைக்கே இரண்டும் இரண்டும் ஐந்து என்று அவர் மாற்றிவிடலாம். அப்போ அதுல உறுதி ஏது? அவராலும் மாற்ற முடியாது என்றால், தர்க்கம் அவரில்லாமலேயே நிற்கிறது. ‘அது அவருடைய இயல்பு’ என்பார்கள். அந்த இயல்பு ஏன் அப்படி இருக்கு? பேரைத்தான் மாத்துறாங்களே ஒழிய விளக்கம் எதையும் தரலை.

இது ஏதோ மேற்கிலிருந்து இறக்குமதியான சண்டை இல்லை. பானைக்குக் குயவன் இருப்பதுபோல உலகத்துக்கு ஈசுவரன் என்றார்கள் இங்கிருந்த நியாயவாதிகள். 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்க ஆசான் தர்மகீர்த்தி மடக்கினார்: பானையும் மண், கரையான் புற்றும் மண், மண் உருமாறியிருக்கிறது என்பதற்காகப் புற்றையும் குயவன்தான் செய்தான் என்பாயா? அவருக்கு முன்னோடியான திக்நாகர் காட்சி, அனுமானம் என்ற இரண்டைத்தான் அறிவின் வழிகளாக ஏற்றார். வேதவாக்குக்குத் தனி நாற்காலி போடவில்லை. வேதத்தை நம்புவது, படைத்தவன் உண்டு என்பது, சாதித் திமிர் ஆகியவற்றை மூடத்தனத்தின் அடையாளங்களாக ஒரே பட்டியலில் வைத்தவர் தர்மகீர்த்தி. இது நம்ம சொத்து.

இனி நாத்திகம். மனுஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயம் யாரை நாத்திகன் என்கிறது? தர்க்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதத்தையும் ஸ்மிருதியையும் அவமதிக்கிறவனை. அவனை விலக்கி வைக்கச் சொல்கிறது. கடவுளை மறுப்பது அங்கே பிரச்சினையே இல்லை. மீமாம்சகரான குமாரிலர் உலகைப் படைத்த கடவுளை மறுத்தே வாதாடினார். ஆனால் வேதத்தையும் வர்ணத்தையும் கட்டிக் காத்தார்; அதனால் அவர் ஆத்திகர்! கடவுளைக் கழற்றிப் போட்டாலும் சாதி சும்மா கம்பீரமா நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த கட்சி. கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1970களில் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஏராளமான நிலமும், ஒருவர் காரும் வைத்திருக்கிற பணக்காரர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது தீர்ப்பு. தர்க்க மாணவர்கள் இதைக் கவனிக்கணும். இதுவும் ஒரு அனுமானம்தான். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போல, பணத்தைக் கண்டு குற்றமின்மையை ஊகிக்கிறார்கள். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பை அடுப்பங்கரையில் பார்க்கலாம். பணத்துக்கும் யோக்கியத்துக்கும் உள்ள தொடர்பை எந்த ஊரில் பார்த்தார்கள்? இந்த ஊகத்துக்குக் கடவுள் தேவைப்படவில்லை. ‘பெரிய மனுசன் செய்யமாட்டான்’ என்பதே வேதவாக்காக உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதையும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியதையும் வெறும் மதமாற்றமாக நான் பார்ப்பதில்லை. கடவுளின் இடத்தில் அம்பேத்கர் ஒழுக்கத்தை, அதாவது மனுசனுக்கும் மனுசனுக்கும் உள்ள உறவை வைத்தார். ‘இல்லை’ என்பதோடு அவர் நிற்கவில்லை.

நான் கடவுள் மறுப்பாளன்தான். உலகத்தை விளக்கக் கடவுள் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது வாசற்படி மட்டுமே. யாருடைய கண் பார்த்தது காட்சி, யாருடைய சொல் சாட்சி என்பதைச் சாதி தீர்மானிக்கிற வரை, இங்கே தர்க்கமும் தீட்டுப் பார்க்கும். ஆத்திகரோ நாத்திகரோ, வாதத்துக்கு வருகிறவரிடம் தோழர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: சேரிக்காரன் ‘நான் பார்த்தேன்’னு சொன்னா, உங்க தர்க்கத்துல அது பிரமாணமா, இல்லையா?