கை ஓரிடம், மனசு ஓரிடமா?

‘தினமும் காலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காருங்கள், மனசு லேசாகிவிடும்’ என்று டிவியில் அடிக்கடி சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் எப்போதும்வென்றானில் எந்தப் பெண்ணுக்கு காலையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார முடியும்? தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், களையெடுக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும்!

அதற்காக மன நிம்மதி நமக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. நமக்குத்தான் அது அதிகம் வேண்டும். ஊர்ப் பெயர்தான் எப்போதும் வென்றான். கரிசல்காட்டுப் பிழைப்பு எப்போதும் ஜெயிப்பதில்லை. புரட்டாசியில் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். பெய்யாவிட்டால் ஒரு கவலை, அறுப்பு நேரத்தில் கொட்டினால் இன்னொரு கவலை. நடுவில் குழுக் கடனுக்கு வாரத் தவணை. கை பாட்டுக்கு வெங்காயம் நறுக்கும், மனசு தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துக் கொண்டிருக்கும். சாப்பிட்டோமா, உப்பு இருந்ததா என்பதே சில நாள் தெரியாது.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். 2010-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர், 2,250 பேரிடம் செல்போன் வழியாக நினைத்த நேரத்தில் கேட்டார்கள்: இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறீர்களா? பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 47 சதவீத நேரம் மனசு வேறெங்கோதான் இருந்ததாம். அப்படி அலையும்போது மனிதர்கள் சந்தோஷம் குறைந்துதான் இருந்தார்களாம். நல்ல விஷயத்தை நினைத்து அலைந்தால்கூட, கையில் இருக்கும் வேலையில் மனசை வைத்திருந்ததைவிட சந்தோஷம் கூடவில்லையாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

சரி, என்ன செய்வது? வியட்நாமில் திக் நாட் ஹான் என்று ஒரு புத்த பிட்சு இருந்தார், 2022-ல் காலமானார். இந்த ‘கவனத்தோடு இருத்தல்’ பற்றி 1970-களில் அவர் எழுதியது உலகம் முழுக்கப் பரவியது. தியான மண்டபத்தை விட்டுவிட்டு, பாத்திரம் கழுவுவதைத்தான் அவர் உதாரணமாகச் சொன்னார்! சின்ன வயதில் மடத்தில் நூறு பேருக்கு மேல் சாப்பிட்ட பாத்திரங்களை, சோப்பு இல்லாமல் சாம்பலும் உமியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தாராம். நம் ஆச்சிமார் தேய்த்த அதே சாம்பல், அதே நார். பாத்திரம் கழுவும்போது கழுவுவதிலேயே மனசு இருக்கட்டும், சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கலாம் என்று ஓட வேண்டாம். அப்படி ஓடுகிறவர் டீ குடிக்கும்போதும் அடுத்த வேலைக்கு ஓடிக்கொண்டுதான் இருப்பார் என்கிறார். ஒரு ஆம்பிளை பாத்திரம் கழுவுவதைப் பற்றி இவ்வளவு யோசித்ததே பெரிசு!

நான் பழகிக்கொண்டது இப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. எல்லா வேலையும் வேண்டாம், மூச்சு முட்டும். தண்ணீரின் குளிர்ச்சி, நாரின் சொரசொரப்பு, கிண்ணத்தின் ஓசை. இரண்டு நிமிஷத்தில் மனசு தவணைக்கு ஓடிவிடும். ஓடட்டும். ஆடு அடுத்தவர் புஞ்சைக்குள் போனால் நாம் உட்கார்ந்து அழுவதில்லை, சத்தம் கொடுத்துத் திருப்புகிறோம். அதுபோலத்தான். பத்து தடவை ஓடினால் பத்து தடவை திருப்ப வேண்டியது. புள்ளிக் கோலம் போடுகிற பெண்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். கவனம் தப்பினால் வரிசையே தப்பிவிடுமே.

அமெரிக்காவில் ஜான் கபாட் ஜின் என்பவர் 1979-ல் தீராத வலியில் இருந்த நோயாளிகளுக்கு வகுப்பு ஒன்று தொடங்கினார். அதில் ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று சாப்பிடச் சொல்வார்கள். நமக்குத் திராட்சை எதற்கு? கோவில்பட்டி கடலைமிட்டாய் இருக்கிறது. டிவி சீரியலை நிறுத்திவிட்டு ஒரு துண்டை மெதுவாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘மனசை அடக்கு, பொறுத்துப் போ’ என்று நம்மிடம் காலங்காலமாகச் சொல்கிறார்களே, அது வேறு, இது வேறு. புருஷன் கூலியைக் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், நீ மூச்சைக் கவனி என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அது அநியாயம். கவனித்துப் பார்த்தால் நமக்கு இருப்பது அலுப்பா, பசியா, கோபமா, துக்கமா என்பது பிரிந்து தெரியும். கோபம் என்று தெரிந்தால் பேச வேண்டியதைப் பேசத்தான் வேண்டும்.

துக்கம் என்றால் அதற்கும் வழி பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மதினி மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, தலை வாரவில்லை, ஆடு கத்தினால்கூட எழுந்திருக்கவில்லை. ‘காத்து கருப்பு’ என்று கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். ‘தியானம் பண்ணு’ என்றும் ஒருவர் சொன்னார். மனசு ரொம்ப உடைந்தவர்களைத் தனியே உட்காரவைத்து உள்ளே பார்க்கச் சொன்னால் சில நேரம் பாரம் கூடவே செய்யும். கடைசியில் டாக்டரிடம் போய், மாத்திரையும் பேச்சுமாகத்தான் தேறினார். இப்போது மறுபடி பருத்தி எடுக்க வருகிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் காத்திருக்கக் கூடாது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். குழுக் கூட்டத்தில் வரவு செலவு நோட்டோடு இந்த எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி சுவரில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத மதினிமாருக்கு யாராவது அழுத்திக் கொடுத்தால் போதும்.

– ஒரு வாசகி, எப்போதும்வென்றான்