கணக்கு எடுத்தது யார்?

இக்காலத்தில் எந்தச் சங்கதியைப் பற்றிப் பேசினாலும், “புள்ளிவிவரம் உண்டா? தரவு உண்டா?” என்று கேட்பது வழக்கமாகி இருக்கிறது. சாஸ்திரத்தில் உண்டா, புராணத்தில் உண்டா என்று கேட்டு வந்த ஜனங்கள் இந்த அளவுக்கு வந்திருப்பது பற்றி நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சாஸ்திரத்தை எழுதியவன் யார் என்று கேட்கத் துணிந்தவர்கள், கணக்கை எடுத்தவன் யார் என்று கேட்காமல் விட்டால், பழைய கும்பிடு புது இடத்தில் விழுந்ததாகத்தானே ஆகும்? இந்த வார்த்தைகளின் பிறப்பைப் பார்த்தாலே இது விளங்கும்.

‘தரவு’ என்பது தருவது என்பதிலிருந்து வந்தது. இங்கிலீஷில் சொல்லும் ‘டேட்டா’வுக்கும் லத்தீன் பாஷையில் ‘கொடுக்கப்பட்டவை’ என்றே அர்த்தம். அதாவது, இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும் என்று முன்கூட்டியே வைக்கப்படுவது. ஐரோப்பாவில் கணித நூல்களில் மாத்திரமல்லாமல், வேதத்தில் சொல்லியிருப்பவைகளுக்கும் ஒரு காலத்தில் இப்பெயர் வழங்கிற்று. கேள்வி கேட்காதே என்றிருந்த வார்த்தை, இன்று கேள்வி கேட்டு அறிந்ததற்குப் பெயராயிருக்கிறது! வாஸ்தவத்தில் யாரும் எதையும் கொடுப்பதில்லை. ஒருவன் காகிதத்தோடு வந்து கேட்டு எடுத்துப் போகிறான். நம் ஜனங்கள் ‘கணக்கெடுப்பு’ என்று சொல்லுவதுதான் யோக்கியமான வார்த்தை.

நிற்க, ‘சென்சஸ்’ என்பது ரோமாபுரிச் சரக்கு. அங்கு ‘சென்ஸார்’ என்ற அதிகாரி குடிகளின் சொத்தை மதிப்பிட்டு அவர்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பான். சொத்துள்ளவனுக்குச் சொத்துக் கணக்கு. ஒன்றுமில்லாதவனுக்குத் தலைக் கணக்கு மாத்திரம். குடிகளின் நடத்தையைக் கண்டிப்பதும் அதே அதிகாரியின் வேலை. பத்திரிகையின் வாயைக் கட்டுகிற ‘சென்ஸார்’ என்ற பேரும் அவனிடமிருந்து வந்ததே.

‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்பதும் ராஜாங்கத்தில் பிறந்ததேயாகும். 18-வது நூற்றாண்டில் ஜெர்மானியப் பண்டிதர்கள் ஒரு ராஜ்யத்தின் நிலைமையையும் பலத்தையும் அறியும் வித்தைக்கு அந்தப் பேர் இட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஜான் சின்க்ளேர் என்பவர் 1790-ல் பாதிரிமார்களுக்கெல்லாம் சுமார் 160 கேள்விகளை அனுப்பி, வந்த பதில்களை 1791 முதல் 1799 வரை 21 புஸ்தகங்களாக வெளியிட்டார். ராஜ்யத்தின் பலமல்ல, குடிகள் எவ்வளவு சுகமாய் இருக்கிறார்கள் என்பதே தமக்கு வேண்டுமென்று அவர் அந்த வார்த்தையின் அர்த்தத்தையே திருப்பினார். (மோட்சத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்த பாதிரிமார்களை, உழவு மாட்டையும் தானிய விலையையும் எண்ண வைத்ததற்காகவே அவரைப் பாராட்டலாம்.)

நமது வார்த்தைகள் இவற்றைவிட மேலானவை என்றே சொல்லுவோம். ‘ஆய்வு’ என்பது அடுப்பங்கரை வார்த்தை. கீரை ஆய்கிற பெண் அழுகலையும் புல்லையும் தள்ளி, நல்லதை எடுக்கிறாள். பண்டிதர்களின் ஆராய்ச்சியும் அவ்வளவே. ‘புள்ளி’யும் நல்ல வார்த்தைதான். ஊரில் மிராசுதாரனைப் ‘பெரும்புள்ளி’ என்கிறோம். கணக்கிலோ அவனும் ஒரு புள்ளி, அவன் பண்ணையாளும் ஒரு புள்ளி.

அப்படி எல்லோரும் ஒரு புள்ளியாய் எண்ணப்படுவதில்தான் இந்நாட்டில் சிலருக்கு வயிற்றெரிச்சல். ஜாதிவாரியான முழுக் கணக்கு கடைசியாக வெளியானது 1931-ல். 1951 முதல் ஷெட்யூல்டு வகுப்பாரையும் பழங்குடியினரையும் தவிர மற்றவர்களின் ஜாதி எண்ணப்படவில்லை. பிற்பட்டோர் நூற்றுக்கு 52 பேர் என்று 1980-ல் மண்டல் கமிஷன் மதிப்பிட்டபோதும், 1931-ம் வருஷத்துக் கணக்கையே நம்ப வேண்டியதாயிற்று. 2011-ல் துவக்கிய ஜாதிக் கணக்கெடுப்பின் ஜாதி விவரத்தையோ சர்க்கார் வெளியிடவில்லை. 2023-ல் பீகார் தானே எண்ணிப் பார்த்து, பிற்பட்டோரும் மிகப் பிற்பட்டோரும் சேர்ந்து நூற்றுக்கு 63 பேர் என்று வெளியிட்டது. 2025 ஏப்ரலில் டெல்லி சர்க்காரும் அடுத்த ஜனக்கணக்கில் ஜாதியைச் சேர்ப்பதாக அறிவித்தது.

ஜாதியை எண்ணினால் ஜாதி வளரும் என்கிறார்கள். பெண் கொடுக்கும்போதும், கர்ப்பக்கிருகத்தில் நுழையும்போதும் ஜாதி கேட்கப்படுகிறதே, அப்போது வளராத ஜாதி காகிதத்தில் எழுதும்போது மாத்திரம் எப்படி வளரும்? நாம் கேட்பது வேறு. ஜாதிப் பெயரோடு நிலம், உத்தியோகம், படிப்பு இவைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்டதை முழுவதும் வெளியிட வேண்டும். தோழர்கள் கணக்கெடுக்க வருகிறவரின் காகிதத்தை வாங்கி, என்ன கேள்வி இருக்கிறது, என்ன கேள்வி இல்லை என்று படித்துப் பார்த்த பிறகு பதில் சொல்லட்டும்.