கைவேலைதானே என்கிறவர்களுக்கு

அம்பாசடரின் பின்பட்டை போல்ட், புஷ்ஷோடு துருவேறி இறுகிவிட்டது. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறியும் அசையவில்லை. "நாலு அடி போடுப்பா, உனக்கென்ன யோசனை வேண்டிக்கிடக்கு?" என்றார் கார்க்காரர். அடித்தால் மரை சிதையும். கேஸ் வைத்துக் காய்ச்சினால் பட்டையின் பதம் போய், பாரத்தில் முறியும். மல்லாந்து கிடந்து, இரண்டு பக்கமும் ஆக்ஸா பிளேடால் அறுத்தெடுத்தேன். அரை நாள். புது புஷ், புது போல்ட் போட்டு, ஜாக்கியை இறக்கி வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகே நட்டை இறுக்கினேன். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். இதுக்குப் பேர் யோசனை இல்லாம வேறென்ன?

புஷ்ஷுக்குக் கடைக்காரன் சொன்ன விலை; என் கூலிக்கு மட்டும் பேரம். அதையும் கையில் தரவில்லை, பானெட் மேல் வைத்தார். அறுந்த போல்ட்டை அதன் பக்கத்திலேயே வைத்தேன். "அடுத்த தடவை நீங்களே நாலு அடி போட்டுக்குங்க சார்."