இரத்தச் சீட்டைப் பார்த்துப் பயப்படலாமா?

நெய்வேலி நகரியத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ஓயாத களைப்பு. முடி கொட்டுகிறது. இரத்தம் சோதிக்கிறார்கள். சாயங்காலம் சீட்டு வருகிறது. "தைராய்டு ஆன்டிபாடி அதிகம்" என்று அதில் இருக்கிறது. "புற்றுநோயாக இருக்குமோ?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

இந்தப் பயம் நியாயமா?

ஆன்டிபாடி என்பது என்ன?

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் சிறு சுரப்பிதான் தைராய்டு. உடம்பு வேலை செய்யும் வேகத்தை அது கவனித்துக்கொள்கிறது.

கிருமிகளை எதிர்க்க இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளே ஆன்டிபாடி. சிலருக்கு அது வழி தவறி, சொந்தச் சுரப்பியையே தாக்குகிறது. காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பது போல!

இந்த வியாதியை 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோ விவரித்தார். காரணமான எதிர்ப்பொருளை 1956-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். சுரப்பி சோர்ந்து போனால், தினமும் ஒரு மாத்திரை போதும். எதிர்ப்பொருள் இருந்தும் நோயே இல்லாதவர்கள் ஏராளம்.

புற்றுநோய் வருமா?

சில ஆராய்ச்சிகள் "சற்றுத் தொடர்பு உண்டு" என்கின்றன. வேறு சில "இல்லை" என்கின்றன. இவற்றில் பல, கழுத்துக் கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களையே கணக்கெடுத்தவை. அதை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒன்று நிச்சயம். ஆன்டிபாடி புற்றுநோய்க்கு அடையாளம் அல்ல. கட்டி இருந்தால்தான் ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் தேவைப்படும். அந்தக் கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

கொரியா கற்ற பாடம்

தென் கொரியாவில் நன்றாக இருந்தவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆயிற்று. ஆனால் சாவு எண்ணிக்கை மாறவில்லை! தீங்கு செய்யாத சிறு கட்டிகளுக்கெல்லாம் கத்தி வைத்தார்கள். பலர் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட நேர்ந்தது. 2014-ல் டாக்டர்களே எச்சரித்தார்கள். பிறகுதான் ஆபரேஷன்கள் குறைந்தன.

நெய்வேலியின் கேள்வி

"சாம்பலும் புகையும் சூழ்ந்த ஊராயிற்றே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சுற்று வட்டாரத் தண்ணீரில் பாதரசம் அளவுக்கு மேல் இருப்பதாக 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. தைராய்டு புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆகவே சோதிக்க வேண்டியது முதலில் கிணற்றுத் தண்ணீரை. எல்லோருடைய கழுத்தையும் அல்ல. தண்ணீரைச் சுத்தமாக வைப்பது நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்பது மக்களின் உரிமை.

எப்போது டாக்டரிடம் போவது?

கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், குரல் கம்மியது பல வாரம் சரியாகாவிட்டால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் உடனே போங்கள். சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், குடும்பத்தில் இந்தப் புற்றுநோய் கண்டவர்களும் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தைராய்டு புற்றுநோயே என்றாலும், பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

சீட்டைப் படித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல!