மிச்சப்பட்ட மைல் யாருக்கு?

சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் தொழிலாளிக்கு வழி சொல்வது விஞ்ஞானம் என்று கம்பெனிகள் மார்தட்டுகின்றன. விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. எந்த வண்டி எந்த வாடிக்கையாளரிடம் எந்த வரிசையில் போவது என்ற கணக்கை 1959ல் அமெரிக்காவில் டான்ட்ஸிக், ராம்சர் என்ற இருவர் பெட்ரோல் லாரிகளுக்காக வகுத்தார்கள். லாரிகள் ஓடும் மொத்த மைலைக் குறைப்பதே நோக்கம். லாரி முதலாளியுடையது, வெறும் வண்டியாகத் திரும்பும் மைலும் அவன் செலவு. ஆகவே குறைக்கத் துடித்தான்!

இன்று மதுரையில் நடப்பதென்ன? பைக் தொழிலாளியுடையது. பெட்ரோலும் அவன் காசு. சிம்மக்கல்லில் பொட்டலத்தை வாங்கி, வைகையைக் கடந்து, கோரிப்பாளையம் நெரிசலில் வெந்து, ஒத்தக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். அந்தத் திரும்பும் மைல் பெரும்பாலும் கம்பெனியின் கணக்கில் ஏறுவதே இல்லை. பிறகு அதைக் குறைக்க அதற்கு என்ன அக்கறை? வாடிக்கையாளர் காத்திருக்கும் நிமிஷங்களைத்தான் குறைக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வந்து தாமதமானால் ஏச்சு வாங்குவது தொழிலாளி. இவனுக்குப் பெயர் 'பார்ட்னர்'! லாபத்தில் பங்கில்லாத பங்காளியை நம் ஊர் கண்டதுண்டா?

2023ல் தமிழக அரசு இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வாரியம் கூலியைத் தொடவில்லையே! திரும்பும் மைலுக்கும் கூலி கொடு என்கிறோம். கொடுக்கும்படி செய்தால், வெறும் வண்டி ஓடாத வழியை அதே யந்திரம் மறுநாளே கண்டுபிடித்துவிடும்.